டம்ப்ளிங் வேகும் நேரத்தில் மூன்று ஆட்டம்: வீட்டில் ஒரு ஸ்காட்டிஷ் கிறிஸ்துமஸ் வார இறுதி

ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஞாயிறைக் குடும்பமாகக் கொண்டாடத் திட்டமிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலையில் குவித்துவிடுவது. மரத்தில் பாதி அலங்காரம் ஆகியிருக்கும், அடுப்பில் உருளைக்கிழங்கு வேகாமல் கிடக்கும், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ அக்கார்டியன் இசையைப் போட்டு எல்லோரையும் ஆடக் கூப்பிடுவார்கள். அடி தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, இரண்டு ஆட்டத்தில் கச்சேரி கலைந்துவிடும்.

ஆட்டத்தைக் காலையிலேயே பழகிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. அதற்கான நேரத்தை க்ளூட்டி டம்ப்ளிங் தானாகவே ஒதுக்கித் தருகிறது. துணியில் கட்டி வேகவைக்கும் இந்தப் பழப் பண்டத்துக்கு மூன்றரை மணி நேரக் கொதி வேண்டும். அதுவரை யாரும் வீட்டை விட்டு நகர முடியாது. ஆக, பானையை ஏற்றிவிட்டு ஒத்திகையைத் தொடங்கலாம்.

இந்த ஆட்டக் கூடலுக்கு ஸ்காட்லாந்தில் கெய்லி என்று பெயர். கேலிக்கும் கைலிக்கும் நடுவில் நிற்கிறது உச்சரிப்பு. ஆண்கள் இடுப்பில் சுற்றும் கில்ட்டைப் பார்த்தால் கைலி என்றே சொல்லிவிட்டாலும் பெரிய குற்றமில்லை.

ஸ்காட்லாந்துக் கிறிஸ்துமஸ் பழமையானது என்று நினைத்து எல்லாவற்றையும் மரபுப்படி செய்யத் தவிக்க வேண்டாம். சீர்திருத்தத் திருச்சபையின் பிடி இறுகியிருந்த 1640இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே ஒழித்தது. டிசம்பர் 25 அங்கே மீண்டும் பொது விடுமுறையானது 1958இல்தான். நடுவில் கொண்டாட்டம் முழுக்க ஆண்டிறுதி இரவான ஹோக்மனேக்குப் போய்விட்டது. பிளாக் பன் போன்ற கனத்த பழ கேக் இன்றும் ஹோக்மனேக்கு உரியதுதான். அதைக் கிறிஸ்துமஸ் மேசையில் வைத்தால் உள்ளூர்ப் பாட்டிகள் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் நடனம் டிசம்பருக்கு உரியது என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முந்தைய சில வாரம் உடற்கல்வி வகுப்பில் இந்த ஆட்டங்களைத்தான் சொல்லித் தருகிறார்கள். எனவே அங்கே படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒத்திகையை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளி இரவு

வெள்ளி இரவு இரண்டே வேலை. ஒன்று, உலர்திராட்சையை ஊறப்போடுவது: 200 கிராம் சுல்தானா, 200 கிராம் கரன்ட் எனப்படும் சின்னக் கறுப்புத் திராட்சை, இவை முங்கும் அளவுக்குச் சர்க்கரை போடாத சூடான தேநீர். காலையில் தேநீரை வடித்து ஊற்றிவிடுங்கள்.

இன்னொன்று ஷார்ட்பிரெட் என்னும் வெண்ணெய் பிஸ்கட். அதன் கணக்கு 1:2:3. சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. மாவில் 50 கிராமை மட்டும் அரிசி மாவாக மாற்றினால் மொறுமொறுப்பு கூடும். ரவை போடுபவர்களும் உண்டு. மிருதுவான வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைச் சேர்த்து, ஒன்றாகச் சேர்ந்து வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் ரப்பர்தான் மிஞ்சும். 22 செ.மீ. தட்டில் அழுத்திப் பரப்பி, முள்கரண்டியால் அடிவரை குத்தி, 160 டிகிரி அவனில் 40 நிமிடம். நிறம் வைக்கோல் மஞ்சளைத் தாண்டக் கூடாது. வெளியே எடுத்த உடனே, சூடாக இருக்கும்போதே துண்டு போடுங்கள். ஆறிய பிறகு கத்தி வைத்தால் நொறுங்கிவிடும்.

சனி காலை: துணியும் பானையும்

க்ளூட் என்றால் ஸ்காட் மொழியில் துணி. சாயம் போடாத, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி 70 செ.மீ. சதுரமாக வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமையாகப் பொருந்தும். இட்லித் துணிக்குச் சொல்வதுதான் இதற்கும்: சோப்பு வாசனை இருந்தால் அது பண்டத்தில் ஏறிவிடும். முதலில் வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு: மைதா 350 கிராம், ரொட்டித் தூள் 100, சூட் எனப்படும் கொழுப்புத் துருவல் 175, பழுப்புச் சர்க்கரை 175, பட்டைத் தூள் இரண்டு தேக்கரண்டி, மிக்ஸ்டு ஸ்பைஸ் இரண்டு, சுக்குத் தூள் ஒன்று, சமையல் சோடா ஒன்று, உப்பு அரை. இவற்றை உலரவே கலந்து, வடித்த திராட்சையையும் துருவிய ஆப்பிள் ஒன்றையும் போடுங்கள். பிறகு ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு ட்ரீக்கிள் என்னும் கெட்டிச் சர்க்கரைப் பாகு, 250 மில்லி மோர். கரண்டியிலிருந்து மெதுவாக, கட்டியாக விழும் பதம். ஓடினால் மாவு, விழவே மறுத்தால் இன்னும் கொஞ்சம் மோர். சூட் மாட்டுக் கொழுப்பு என்பதால், வேண்டாதவர்கள் கடையில் அதே அலமாரியில் இருக்கும் காய்கறிச் சூட்டை வாங்கலாம். உறையவைத்த வெண்ணெயைத் துருவிப் போட்டாலும் சரியாக வரும்.

கொதிநீரில் முக்கிய துணியைப் பிழிந்து மேசையில் விரித்து, நடுவில் 35 செ.மீ. வட்டத்துக்கு மூன்று மேசைக்கரண்டி மாவைத் தூவிக் கையால் சமமாகத் தேயுங்கள். இந்த மாவுதான் பிறகு டம்ப்ளிங்கின் தோலாகிறது. தோலில்லாத டம்ப்ளிங்கை ஸ்காட்லாந்துக்காரர்கள் டம்ப்ளிங் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஈரத் துணியின் சூட்டில் மாவு பசையாகிப் படலமாக ஒட்டும். வெள்ளையாக விட்டுப்போன இடம் இருந்தால் அந்த இடத்தில் தோல் கிழியும். கலவையை நடுவில் வைத்து, துணியின் நுனிகளை மேலே கூட்டி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் முடிச்சுக்கும் மாவுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இடமில்லாவிட்டால் உப்ப முடியாமல் நடுவில் கல்லாகிவிடும்.

எட்டு லிட்டர் பானையின் அடியில் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் மூட்டையை வைத்து, கொதிக்கும் தண்ணீரை முக்கால் உயரத்துக்கு ஊற்றி மூடுங்கள். தட்டு மெல்ல 'டக டக' என்று ஆட வேண்டும். அந்தச் சத்தம் நின்றால் கொதி நின்றுவிட்டது என்று பக்கத்து அறையிலிருந்தே தெரிந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கி, நீர் துணிக்குள் இறங்கி, ஒரு பக்கம் களியாகிவிடும்.

முடிந்ததும் மூட்டையைப் பத்து வினாடி குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து, நூலை வெட்டி, துணியை ஓரத்திலிருந்து பக்கவாட்டாக உரியுங்கள், மேல்நோக்கி இழுக்காதீர்கள். அப்போது அது வெளிறி, ஈரமாக, பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். 170 டிகிரி அவனில் 20 நிமிடம் வைத்தால் தோல் கருஞ்சிவப்பாக மினுங்கத் தொடங்கும். உள்ளே காசு வைக்கும் வழக்கம் உண்டு. வைப்பதானால் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

காலை ஒன்பதரைக்குப் பானை ஏறினால் ஒரு மணிக்கு இறங்கும். மரம் அலங்கரிப்பதை முதல் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். மாலையில் ஆட்டம் இருக்கிறது என்பதை மறக்காமல், கண்ணாடி உருண்டைகளை முழங்கை உயரத்துக்கு மேலே தொங்கவிட்டு, மரத்தை மூலையில் தள்ளி வையுங்கள்.

ஒத்திகை

மூன்றே ஆட்டம் போதும்: கே கார்டன்ஸ், டாஷிங் வைட் சார்ஜென்ட், ஸ்ட்ரிப் தி வில்லோ. நான்காவதைச் சேர்த்தால் முதலாவது மறந்துவிடும். எட்டு பேர் ஆடும் எய்ட்சம் ரீல் மீது ஆசைப்படாதீர்கள். இசையின் தாள அளவான பார் கணக்கில் 464 பார் நீளம், நிற்காமல் எட்டு நிமிடம். இரண்டு பேர் வழி தவறினால் எட்டு பேரும் காலி.

முதலில் இசை இல்லாமல் நடந்து பாருங்கள். ஒரு பார் என்றால் இரண்டு காலடி, எட்டு பார் என்றால் பதினாறு அடி. தாளம் நம் காதுக்குப் புதிதல்ல. ஜிக் என்பது 'தகிட தகிட', ரீல் என்பது 'தகதிமி தகதிமி'. மேற்கத்திய மெட்டில் அமைந்த முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் பாடிப் பழகிய பிள்ளைக்கு எட்டு பாரில் ஒரு வாக்கியம் முடிவது தானாகவே கேட்கும். அந்தக் காதுதான் இங்கே காலைவிட முக்கியம். இசைத் தொகுப்பில் '8x32 ரீல்' என்று போட்டிருந்தால், 32 பார் ஆட்டத்தை எட்டு தடவை ஆடலாம் என்று பொருள். தொடக்கத்தில் வரும் ஒற்றை நாதம் துணைக்கு வணக்கம் சொல்ல. அதில் கால் எடுக்கக் கூடாது.

கே கார்டன்ஸ் ஜோடி ஆட்டம். எல்லா ஜோடிகளும் வட்டமாக நின்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். ஆண் உள்வட்டம், பெண் அவர் வலப்பக்கம். வலக்கைகள் பெண்ணின் வலத் தோளுக்கு மேலே கோத்திருக்கும், இடக்கைகள் முன்னால். முன்னே நான்கு அடி. கையை விடாமல் இருவரும் அவரவர் இடத்தில் திரும்பி, போன திசையிலேயே பின்னோக்கி நான்கு அடி. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் குழம்புவார்கள். மறுபடி திரும்பத் தோன்றும், திரும்பக் கூடாது. இப்போது முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே முன்னே நான்கு, திரும்பி, பின்னே நான்கு. 'முன்னே, திரும்பு, பின்னே. முன்னே, திரும்பு, பின்னே' என்று ஒருவர் உரக்கச் சொன்னால் மூன்றாம் முறையில் பிடிபட்டுவிடும். அடுத்த எட்டு அடிக்கு ஆண் நேராக நடக்க, பெண் அவருடைய உயர்த்திய வலக்கையின் கீழே சுழல்வார். கையை இறுகப் பிடித்தால் மணிக்கட்டு முறுகும். இரண்டு விரலை மட்டும் கொடுங்கள், அவர் அதைச் சுற்றிக்கொள்ளட்டும். கடைசி எட்டு அடி, ஜோடியாகத் துள்ளிச் சுழலும் போல்கா. வராதவர்கள் இரு கைகளையும் கோத்துத் துள்ளி நகர்ந்தால் போதும். மொத்தம் 32 அடி, நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் ஒரு சுற்று 17, 18 வினாடிக்குள் முடியும்.

டாஷிங் வைட் சார்ஜென்ட் மூன்று பேருக்கு மூன்று பேர் எதிரெதிரே நின்று ஆடுவது. பாட்டி, பேரன், அப்பா என்று எப்படி வேண்டுமானாலும் மூவர் சேரலாம் என்பதால் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. ஆறு பேரும் கைகோத்து இடப்பக்கம் எட்டு அடி, வலப்பக்கம் எட்டு அடி. நடுவில் நிற்பவர் தன் வலப்பக்கத்தவரைப் பார்த்து இருந்த இடத்தில் அடிவைத்துவிட்டு, இரு கைகளையும் பிடித்து ஒரு சுற்று. பிறகு இடப்பக்கத்தவரோடு அதேபோல். அடுத்து மூவரும் '8' என்ற எண்ணின் வடிவத்தில் ஒருவரையொருவர் சுற்றி வர வேண்டும். பிள்ளைகளுக்கு இது பிடிபடவில்லை என்றால் அந்த 16 அடிக்கு மூவரும் சின்ன வட்டமாகச் சுற்றட்டும், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கடைசியில் மூவர் கைகோத்து எதிர் வரிசையை நோக்கிப் போய்த் தரையைத் தட்டி, பின்வாங்கிக் கைதட்டி, மறுபடி முன்னே. ஒரு வரிசை கையை உயர்த்த, மற்ற வரிசை குனிந்து நுழைந்து, அடுத்த மூவரைச் சந்திக்கும். எந்த வரிசை உயர்த்துவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யாவிட்டால் ஆறு தலையும் ஒன்றோடொன்று மோதும். கடிகாரத் திசையில் போகிறவர்கள் உயர்த்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் தி வில்லோவில்தான் அடிபடும். நான்கு ஜோடி, ஆண் வரிசை ஒன்று, பெண் வரிசை ஒன்று, எதிரெதிரே. முதல் ஜோடி வலக்கை கோத்துச் சுழலும். பிறகு பெண், ஆண் வரிசையில் இரண்டாமவரை இடக்கையால் ஒரு சுற்று, நடுவில் தன் துணையை வலக்கையால் ஒரு சுற்று, மூன்றாமவருக்கு இடக்கை, துணைக்கு வலக்கை என்று கடைசிவரை இறங்குவார். ஆண் அதேபோல் பெண் வரிசையில் கீழிருந்து மேலே வருவார். பின்னர் இருவரும் ஒரே நேரத்தில் இரு வரிசையிலும் இறங்குவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு எண்ணிக்கை. துணைக்கு வலக்கை, மற்ற எல்லோருக்கும் இடக்கை என்ற ஒரே விதியில் முழு ஆட்டமும் அடங்கிவிடும். தவறு செய்பவர் பெரும்பாலும் ஆடுபவராக இருக்க மாட்டார். வரிசையில் காத்திருப்பவர் பதற்றத்தில் வலக்கையை நீட்டிவிடுவார். ஒவ்வொருவர் வலது மணிக்கட்டிலும் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். 'ரிப்பன் கை துணைக்கு' என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

வேகம் ஏறும்போது முழங்கையோடு முழங்கை மாட்டுபவர்கள் உண்டு. இளைஞர்கள் ஒருவரையொருவர் அப்படி வீசிக்கொள்ளட்டும். பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால் ஒருவர் முன்கையை மற்றவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடிப்பதுதான் பாதுகாப்பு. வயது வித்தியாசமுள்ள ஜோடியில் சுழற்சியின் வேகத்தைச் சின்னவர் அளவுக்குக் குறைக்க வேண்டியது பெரியவர் பொறுப்பு.

இடமும் உடையும்

ஸ்ட்ரிப் தி வில்லோவுக்கு 5 மீட்டருக்கு 4 மீட்டர் காலி இடம் இருந்தால் போதும். கே கார்டன்ஸ் வட்டத்துக்கு ஆறு ஜோடிக்கு மேல் வீட்டுக் கூடம் தாங்காது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஊர் மன்றத்தையோ தேவாலயக் கூடத்தையோ நேரத்தோடு பதிவுசெய்யுங்கள். கம்பளத்தைச் சுருட்டி எடுங்கள். மரத் தரையில் வெறும் சாக்ஸ் வழுக்கும், ஓட்டக் காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் சுழலும்போது பாதம் நின்றுவிட்டால் முழங்கால்தான் முறுகும். மெல்லிய அடிப்பாகமுள்ள கேன்வாஸ் காலணி நல்லது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். வெளியே பனி கொட்டினாலும் பத்து பேர் ஆடும் அறை அரை மணியில் அடுப்பாகிவிடும்.

கில்ட்டின் ஊசியை மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் முதல் துள்ளலிலேயே துணி கிழியும். முன்னால் தொங்கும் ஸ்போரன் பையை ஆடும்போது இடுப்பின் பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு துள்ளலுக்கும் அதுவும் ஒரு தாளம் போடும். காலுறையில் செருகும் சிறு கத்தி பெட்டியிலேயே இருக்கட்டும்.

மாலை

பானை இறங்கியதும் வெளியே கிளம்புங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எடின்பரோவில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடும். வடகோடித் தீவுக்கூட்டமான ஷெட்லண்டின் லெர்விக்கில் மூன்று மணிக்கே. மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டால் இருட்டில்தான் நடப்பீர்கள்.

ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கட்டும், வயிறு காலியாக. ஷார்ட்பிரெட் ஆளுக்கு ஒரு துண்டு போதும். முதலில் கே கார்டன்ஸ், அடுத்து சார்ஜென்ட், பிறகு சாப்பாடு, அதன்பின் அரை மணி ஓய்வு. ஓய்வில் யாராவது பாடலாம், கரோல் வாசிக்கலாம். கெய்லி என்ற சொல்லே முதலில் கதையும் பாட்டுமாகக் கூடியிருப்பதைத்தான் குறித்தது; ஆட்டம் அதில் ஒரு பங்கு. ஸ்ட்ரிப் தி வில்லோவைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குப் பிறகு எதுவும் எடுபடாது.

நடுவே சாப்பாடு ஸ்டோவீஸ். வெந்தால் மாவாக உதிரும் உருளைக்கிழங்கு இரண்டு கிலோ, நான்கு வெங்காயம், 75 கிராம் கொழுப்பு அல்லது வெண்ணெய், மிச்சமான வறுத்த இறைச்சி அரை கிலோ, இறைச்சியோ காய்கறியோ வேகவைத்த சாறு 400 மில்லி. உருளைக்கிழங்கை வேண்டுமென்றே மெல்லியதும் தடித்ததுமாக வெட்டுங்கள். மெல்லியது கரைந்து குழம்பாகும், தடித்தது துண்டாக நிற்கும். வெங்காயத்தை வதக்கி, எல்லாவற்றையும் அடுக்கி, இறுக மூடிச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம். கிளறாதீர்கள், பானையைக் குலுக்கினால் போதும். இறைச்சி இல்லாமல் செய்வதற்கு அங்கே 'வெறுங்கால்' ஸ்டோவீஸ் என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. ஓட்ஸ் பிஸ்கட்டான ஓட்கேக்கும் வினிகரில் ஊறவைத்த பீட்ரூட்டும் பக்கத்துணை.

முடிவில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதி அனுப்பிய 'ஆல்ட் லாங் சைன்' பாட்டு. வட்டமாகச் சாதாரணமாகக் கைகோத்து நில்லுங்கள். கடைசிச் சரணத்தில் கையைக் கொடு என்று வரும் வரிக்குத்தான் கைகளை மார்புக்குக் குறுக்கே மாற்றிக் கோக்க வேண்டும். உலகம் முழுக்க முதல் வரியிலேயே குறுக்கே கோத்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

ஞாயிறு

காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும் முன், மிச்ச டம்ப்ளிங்கை விரல் தடிமனில் வெட்டி வெண்ணெயில் இருபுறமும் பொரியுங்கள். முதல் நாள் கஸ்டர்டுடன் தின்றதைவிட இதுதான் ருசி என்பவர்கள் நிறைய; எங்கள் கட்சியும் அதுதான். சரியாக வெந்த டம்ப்ளிங் பொரியும்போது துண்டு உடையாது. உடைந்தால் அடுத்த முறை அரை மணி கூடுதலாக வேகவிடுங்கள்.

துணியைச் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி, ஒட்டியிருக்கும் மாவைக் கத்தியின் முதுகால் சுரண்டி, மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த டிசம்பரில் பூசணம்தான் இருக்கும். சிவப்பு ரிப்பன்களையும் அதோடு சேர்த்துச் சுற்றி வைத்துவிடுங்கள்.